போட்டோ ஒட்டும் இடம்

1957ஆம் ஆண்டு அமெரிக்க விமானப்படையிலிருந்து விலகிய மார்லன் கிரீன் என்ற விமானி, விமானக் கம்பெனி ஒன்று விடாமல் விண்ணப்பம் போட்டார். ராணுவத்தில் பெரிய பெரிய விமானங்களை ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர். பல இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. வந்த பதிலும் இல்லை என்ற பதில்தான். அந்தக் காலத்து விண்ணப்பப் படிவங்களில் இனம் என்ன என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும். போட்டோ ஒட்ட ஒரு கட்டம் இருக்கும். காண்டினென்டல் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனிக்கு எழுதும்போது கிரீன் அந்த இரண்டையும் காலியாக விட்டு அனுப்பினார். கூப்பிட்டார்கள். டென்வர் நகரத்துக்குப் போய் எதிரே நின்ற பிறகுதான் அவர் கறுப்பர் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டினார். வேலையோ அவரைவிடக் குறைவாகப் பறந்திருந்த வெள்ளையர்களுக்குப் போனது.

கிரீன் விடவில்லை. கொலராடோ மாநிலத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஆணையம் அவர் பக்கம் நின்றது. மாநில நீதிமன்றங்கள் கம்பெனி பக்கம் நின்றன. கடைசியில் 1963 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் வேலையில் உட்கார 1965 ஆகிவிட்டது. ஒரு விண்ணப்பத்துக்கு எட்டு வருஷம். 1978 வரைக்கும் அங்கே விமானம் ஓட்டினார். 2009ல் செத்துப்போனார். அடுத்த வருஷம் அதே கம்பெனி ஒரு போயிங் 737 விமானத்துக்கு அவர் பெயரை வைத்தது. செத்த பிறகு பெயர் வைப்பதில் எந்த தேசத்து ஆண்டைகளும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கிரீன் காலியாக விட்ட அந்த இரண்டு கட்டங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். காரணம் இருக்கிறது. எங்க காலனியில் பி.காம். முடித்த ஒரு பெண், ஏர்ஹோஸ்டஸ் வேலைக்கு பயோடேட்டா எழுதித் தரச் சொல்லி வந்தாள். எங்க காலனி திண்டிவனத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் எம்.ஏ. தமிழ். இங்கிலீஷ்ல எழுத வேண்டிய பயோடேட்டாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். "நீதானக்கா படிச்சவ, நீ பாத்துக் குடுத்தா சரியா இருக்கும்" என்பார்கள். மனு எழுதுவது, சாதிச் சான்றிதழுக்கு அலைவது, ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்புவது எல்லாம் இப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர்களுக்காகப் படிவம் நிரப்பியவள் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். படிவம் நம்மிடம் கேள்வி கேட்கும்போதே பதிலையும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறது.

அவள் கொண்டுவந்தது டவுனில் ஜெராக்ஸ் கடையில் அடித்த பயோடேட்டா. கடைக்காரன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் அதில் பெயரை மாற்றிக்கொண்டு போகிறார்கள். பெயர், தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா, தாய்மொழி, நிரந்தர முகவரி. கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி. அந்த விமானக் கம்பெனியோ இன்னும் சிலதைக் கேட்டிருந்தது. உயரம், எடை, உடம்பில் தழும்போ பச்சையோ வெளியே தெரிகிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று, முழு உருவப் போட்டோ ஒன்று.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது இதை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. கல்யாண புரோக்கர் கையில் இருக்கிற பயோடேட்டா! உயரம், நிறம், எடை, தகப்பன் தொழில், சொந்த ஊர், முழு உருவப் போட்டோ. ராசி நட்சத்திரம் மட்டும்தான் குறைகிறது. அந்த பயோடேட்டாவில் குலம் என்று ஒரு வரி வெளிப்படையாக இருக்கும். இதில் அந்த வரி கிடையாது. மற்ற வரிகள் எல்லாம் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

இந்த வேலையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வானத்தில் பயணிகளைக் கவனித்துக்கொண்ட முதல் பணியாளர் ஒரு ஆண். ஹைன்ரிச் குபிஷ் என்ற ஜெர்மானியர், 1912ல், ஆகாயக் கப்பலில். பெண்கள் வந்தது 1930ல். எல்லன் சர்ச் என்ற நர்ஸ், விமானம் ஓட்டக் கற்றவர், போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் போய்க் கேட்டார். விமானியாக ஒரு பெண்ணை எடுக்க அவர்கள் தயாராக இல்லை. அப்படியானால் நர்ஸ்களைப் பணிப்பெண்களாக ஏற்றுங்கள், பயந்து நடுங்கும் பயணிகளுக்குத் தெம்பாக இருக்கும் என்று அவர் யோசனை சொன்னார். 1930 மே 15 அன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து சிகாகோவுக்குப் போன விமானத்தில் அவர் ஏறினார். முதலில் எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் நர்ஸ். வயது 25க்கு மேல் கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, எடை 115 பவுண்டுக்கு மேல் கூடாது, உயரம் 5 அடி 4 அங்குலத்துக்கு மேல் கூடாது. எட்டுப் பேரும் வெள்ளைக்காரிகள். அதைத் தனியாக நிபந்தனை போட்டு எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை.

அதே அமெரிக்காவில் அதே காலத்தில் ரயிலில் பயணிகளைக் கவனித்துக்கொண்டவர்கள் யார்? புல்மன் கம்பெனியின் தூங்கும் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பு ஆண்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்ததும் ஜார்ஜ் புல்மன், விடுதலையான அடிமைகளைத் தேடித் தேடி எடுத்தார். படுக்கை விரிக்க, மூட்டை தூக்க, ஷூவுக்குப் பாலிஷ் போட. அவர்களுக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஆனால் பயணிகள் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியின் பெயரால் அடிமையைக் கூப்பிட்ட பழக்கம் அது. நம்ம ஊர்ல ஆண்டைவீட்டு ஆளைப் பெயர் சொல்லாமல், இன்னார் வீட்டுப் பண்ணையாள் என்று சொல்வதற்கும் இதற்கும் ஒரு நூலளவுதான் வித்தியாசம். 1925ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தத் தொழிலாளிகள் சங்கம் கட்டினார்கள். 1937ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். 1963ல் வாஷிங்டன் பேரணியை முன்னின்று நடத்தியவரும் அதே ராண்டால்ஃப்தான்.

ரயிலில் வெள்ளைக்காரனுக்குக் கறுப்பர் கை படுக்கை விரித்தது, எச்சில் துப்பிய பாத்திரத்தைக் கழுவியது. அதில் யாருக்கும் தீட்டு இல்லை. அதே மாதிரி வேலை ஆகாயத்துக்குப் போனதும், அதற்குச் சீருடையும் தொப்பியும் பத்திரிகை அட்டைப்படமும் வந்ததும், கறுப்புக் கை கூடாது என்றாகிவிட்டது. காபி ஊற்றுவது கீழே இருந்தால் ஊழியம், மேலே போனால் உபசாரம். ஊழியத்துக்கு ஒரு உடம்பு, உபசாரத்துக்கு ஒரு உடம்பு. வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த மரியாதைதான் நிறம் கேட்டது என்பது என் முடிவு.

இந்தக் கதவை முதலில் உடைத்தவர் ரூத் கரோல் டெய்லர். இவரும் நர்ஸ்தான். பெரிய கம்பெனியான டி.டபிள்யூ.ஏ. அவரை நிறத்தைக் காரணமாக்கித் தள்ளியது. நியூயார்க் மாநில ஆணையத்தில் புகார் கொடுத்தார். பிறகு மோஹாக் என்ற சின்னக் கம்பெனி கறுப்பினப் பெண்ணை எடுக்க முன்வந்தது. சுமார் 800 பேர் விண்ணப்பித்தார்கள் என்கிறார்கள், டெய்லர் தேர்வானார். 1958 பிப்ரவரி 11 அன்று இதாக்கா ஊரிலிருந்து நியூயார்க்குக்குப் போன விமானத்தில் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பணிப்பெண்ணாக ஏறினார். ஆறே மாதம்தான். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்பதால் வேலை போனது. நிறம் என்ற வேலியைத் தாண்டினால் அடுத்து பெண் என்ற வேலி. பின்னாளில் அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆகாயத்தில் பறக்க வேண்டும் என்ற கனவெல்லாம் தனக்கு இருந்ததில்லை என்பது. கூடாது என்று வைத்திருந்தது பொறுக்காமல்தான் போனாராம். நம்மில் எத்தனை பேர் கோயில் நுழைவுக்குப் போனோம், சாமி கும்பிடவா போனோம்?

பாட்ரிசியா பேங்க்ஸ் கதை இன்னும் நீளம். விமானப் பணிக்கென்றே நடந்த பள்ளியில் பயிற்சி முடித்தவர். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் வேலை வந்தது, அவருக்கு வரவில்லை. கேபிடல் ஏர்லைன்ஸ் மீது 1956ல் புகார் கொடுத்தார். 1960ல்தான் அவரை எடுக்கச் சொல்லி ஆணையம் உத்தரவு போட்டது. கல்யாணம், வயது இவற்றைக் காரணம் காட்டிப் பணிப்பெண்களை வெளியே அனுப்பும் வழக்கம் 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு, 1968ல்தான் அங்கே சட்டவிரோதம் என்றானது.

இந்தியாவுக்கு வருவோம். 1932ல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மெட்ராசுக்குத் தபால் மூட்டையோடு டாட்டா விமானம் வந்தது. 1953ல் அரசாங்கம் விமானக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் பணிப்பெண்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள், உடுப்பு கவுன்தான். சேலை பிறகு வந்தது. சேலை கட்டிய அந்த மகாராணித் தோற்றத்துக்குப் பின்னால் என்ன விதிகள் இருந்தன என்பது நர்கேஷ் மீர்சா வழக்கில் வெளியே வந்தது. ஏர் இந்தியாவில் அதே விமானத்தில் வேலை செய்யும் ஆணுக்கு ஓய்வு வயது 58. பெண்ணுக்கு 35. வேலையில் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வெளியே. முதல் முறை கர்ப்பமானால் வெளியே. 35க்கு மேல் நீடிக்க வேண்டுமானால் மேலதிகாரி மனசு வைக்க வேண்டும். 1981ல் உச்சநீதிமன்றம் கர்ப்ப விதியை இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்ற பொருளில் கண்டித்துத் தூக்கி எறிந்தது, அதிகாரியின் இஷ்டத்தையும் எடுத்தது. ஆனால் நாலு வருஷக் கல்யாணத் தடை சரிதான், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்றது. 'இந்தியப் பெண்மை' என்று நீதிமன்றம் எந்தப் பெண்ணை நினைத்துச் சொன்னது என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு நாத்து நட்ட என் ஆயா அந்தக் கணக்கில் வருவாளா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது அரசுக் கம்பெனியாக இருந்ததால் அதில் பட்டியல் சாதி, பழங்குடிக்கு இடஒதுக்கீடு இருந்தது. ஒழுங்காகக் கொடுத்தார்களா என்பது வேறு சங்கதி. கொடுக்கவில்லை என்றால் சண்டை போட ஒரு சட்டம் இருந்தது. 1994ல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு ஆகாயத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் டாட்டா கைக்கே திரும்பிப் போனது. இன்றைக்கு நம்ம பெண் பயோடேட்டா அனுப்பக்கூடிய விமானக் கம்பெனிகள் பெரும்பாலும் தனியார் கம்பெனிகள்தான். அங்கே இடஒதுக்கீடு என்ற பேச்சே கிடையாது. தாட்கோ மூலமாக நம்ம பிள்ளைகளுக்கு விமானப் பணிப் பயிற்சி என்று அறிவிப்பு வருகிறது. நல்லதுதான். பயிற்சியை அரசாங்கம் கொடுக்கும். வேலையை யார் கொடுப்பது?

யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். சாதி என்ன என்று நேராகக் கேட்கிற படிவம் அரசாங்கப் படிவம். அது நம்மை உள்ளே விடுவதற்காகக் கேட்கிறது. நாம் சண்டை போட்டு வாங்கிய கட்டம் அது. சாதியே கேட்காத படிவம் தனியார் படிவம். அது கேட்காமலே தெரிந்துகொள்கிறது.

எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதற்கு ஆய்வு இருக்கிறது. 2005 அக்டோபர் முதல் 66 வாரம், சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்குப் பொய் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒன்று. பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆளைப் பார்க்கவில்லை, பேசவில்லை. காகிதத்தில் இருந்த பெயரை மட்டும் பார்த்து இது. 2007ல் வெளியான இந்த ஆய்வைத் தகுதி, திறமை என்று பேசுகிறவர்களிடம் காட்டுங்கள். அதே வருஷம் சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகள் 25 பேரிடம் பேசி எழுதினார்கள். சாதியா, நாங்கள் பார்ப்பதே இல்லை என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் குடும்பப் பின்னணி முக்கியம் என்றார்கள். தகப்பன் என்ன செய்கிறான், வீட்டில் யார் யார் படித்தவர்கள், எந்த ஊர்.

வடக்கே பெயரின் வாலில் சாதி தொங்குகிறது. நம்ம பக்கம் அந்த வால் இல்லை. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கு இன்ஷியலோடு எழுதுகிறோம். அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாலை வெட்டினால் ஆள் அடையாளம் போய்விடும் என்று நினைத்தவர்களுக்குச் சாதி இந்துவின் மூக்கைப் பற்றித் தெரியாது. பெயரில் கிடைக்காததைத் தகப்பன் தொழிலில் தேடும். அதிலும் கிடைக்காவிட்டால் முகவரியில் தேடும். ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு 'காலனி' போதும். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வசைச்சொல்லாகிவிட்டது என்பது காரணம். சேரி என்றிருந்ததை மாற்றத்தானே காலனி வந்தது? 1922ல் எம்.சி. ராஜா, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். நூறு வருஷமாகப் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். அவர்களும் விடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார்கள்.

அம்பேத்கருக்கே இந்தக் கட்டம் இருந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். அவருக்கு இருந்த படிப்புக்கு மேல் எந்த பயோடேட்டா வேண்டும்? தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி சத்திரத்தில், பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதி உள்ளே போக வேண்டியிருந்தது. சில நாளில் விஷயம் தெரிந்து, தடியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் படித்த பட்டமெல்லாம் பதிவேட்டில் இருந்த ஒரு பெயர்க் கட்டத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

விமானப் பணிப்பெண் வேலையில் நம்ம நாட்டுக்கென்று இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அது தண்ணீர். அந்த வேலையில் பயணிகள் கண்ணுக்குத் தெரிவது தண்ணீரும் சோறும் கொடுப்பதுதான். யார் கை கொடுக்கிறது என்று பார்க்கிற நாடு இது. 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். பள்ளிக்கூடத்து அடுப்பங்கரையில் மறித்த அதே ஆட்களின் பிள்ளைகள் கோயம்புத்தூரில் விமானம் ஏறுகிறார்கள். மேலே போனதும் சாதி இறங்கிவிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயார். அதற்கு நம்ம பெண்கள் கையால் தண்ணி வாங்கிக் குடித்துக் காட்டணும். அதற்கு முதலில் நம்ம பெண்கள் அந்த விமானத்தில் இருக்கணும். என் சித்தப்பா மகன் ஒரு விமான நிலையத்தில் காண்ட்ராக்டில் விமானம் கழுவுகிற வேலையில் இருக்கிறான். பயணிகள் இறங்கியதும் உள்ளே போய்க் கக்கூசும் சீட்டும் சுத்தம் பண்ணுகிற வேலை. அவனை யாரும் முழு உருவப் போட்டோ கேட்கவில்லை. ஆதார் கேட்டார்கள், போலீஸ் விசாரணை நடந்தது, மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனார். அவனும் விமானத்துக்குள்தான் வேலை செய்கிறான், அது தரையில் நிற்கும்போது.

நம்ம பெண்ணின் பயோடேட்டாவுக்கு வருகிறேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ஜெராக்ஸ் கடைக்காரன் 'விவசாயி' என்று போட்டிருந்தான். எல்லாருக்கும் அதையே போடுகிறானாம். அவள் அப்பா செங்கல் சூளைக்குப் போகிறவர், அறுப்புக் காலத்தில் கூலிக்குப் போகிறவர். சென்ட் நிலம் கிடையாது. எங்க வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர், செங்கல் சூளைத் தொழிலாளி மகள் என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதச் சொன்னார். அவரோடு எனக்குச் சண்டை. 1893ல் ரெட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அது நம்ம மேடை, நம்ம சொல். அடுத்தவன் படிவத்தில் நம்மைப் பற்றி அவனுக்குத் தேவையில்லாத தகவலை நாமே நிரப்பிக் கொடுப்பது பெருமையில் சேராது. தகப்பன் என்ன செய்கிறார் என்பதற்கும் ஆபத்து நேரத்தில் விமானக் கதவைத் திறப்பதற்கும் என்ன சம்பந்தம்? மார்லன் கிரீன் வெட்கப்பட்டுக் கட்டத்தைக் காலியாக விடவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டார்கள், அவர் சொல்லவில்லை. அந்த வரியையே எடுத்துவிட்டோம். மதம் என்ற வரியையும் எடுத்தோம்.

எடுத்த இடத்தில் என்ன போட்டோம் என்பதுதான் முக்கியம். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது என்று இருந்தது. இந்த வேலை எதற்காக இருக்கிறது என்று படித்துப் பார்த்தோம். காபி கொடுப்பதற்காகச் சட்டம் பணியாளரைக் கேட்கவில்லை. 50 இருக்கைக்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 விநாடிக்குள் அத்தனை பேரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் பெரிய விமானத்துக்குச் சான்றிதழே கிடைக்கும். தீயணைப்பது, முதலுதவி, பயந்தவர்களை அதட்டி வரிசையில் அனுப்புவது, இதுதான் வேலை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்க பக்கம் முழுக்கத் தண்ணி. இந்தப் பெண்ணும் இன்னும் நாலு பிள்ளைகளும் ராத்திரியில் கிழடு கட்டைகளையும் கைப்பிள்ளைக்காரிகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு கிழவி ஆட்டை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டதாம். ஆட்டையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றாள். இதைத்தான் எழுதணும் என்றேன். தேதி, இடம், எத்தனை வீடு, என்ன செய்தாள் என்று நாலு வரி. கல்லூரியில் என்.எஸ்.எஸ். முதலுதவிப் பயிற்சி எடுத்ததற்கு ஒரு வரி. கபடி அணி. சாயங்காலப் பாடசாலையில் 30 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது. உயரம் 159 செ.மீ. மொத்தம் ஒரு பக்கம்.

போட்டோ பிரச்சினை வேறு. டவுன் ஸ்டுடியோவில், சொல்லாமலே முகத்தை வெளுப்பாக்கி வைத்திருந்தான். அவள் அம்மா பார்த்துவிட்டு, "இது யாரு பெத்த புள்ள?" என்றது. திருப்பிக் கொடுத்து, இருக்கிற மாதிரியே எடுத்து அனுப்பினோம்.

கூப்பிட்டார்கள். சென்னையில் ஒரு ஹோட்டல் கூடம். உயரம் அளந்தார்கள். நுனிக்காலில் நின்று கையைத் தூக்கிச் சுவரில் கோட்டைத் தொடச் சொன்னார்கள், தொட்டாள். இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தாள். வெள்ளத்தைப் பற்றி ஒரு அம்மா கேட்டாராம். ஆட்டுக் கதையைச் சொன்னதும் சிரித்தாராம், நல்ல சிரிப்புதான் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்க்காரர் பிறகு தமிழிலேயே கேட்டாராம்.

"திண்டிவனத்துல எங்கம்மா?"

ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"ஊர்லயேவா, தள்ளியா?"

பயோடேட்டாவில் நாங்கள் எடுத்த வரியெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. "காலனி சார்" என்றாள். அப்பா என்ன பண்றார் என்றார். சொன்னாள். மெயில் வரும் என்றார்கள். வரவில்லை. என்ன காரணம் என்று கேட்டு எழுதினோம், பதில் இல்லை. கிரீனுக்கும் பேங்க்சுக்கும் புகார் கொடுக்க ஒரு ஆணையம் இருந்தது, தனியார் கம்பெனியாக இருந்தாலும் கூப்பிட்டு விசாரித்தது. இங்கே ஒரு தனியார் கம்பெனி ஏன் எடுக்கவில்லை என்று விசாரிக்கச் சொல்லி அவள் எந்த வாசலுக்குப் போவாள்? தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கிற நாம், வேலைக்கு எடுப்பதில் காட்டும் பாகுபாட்டை விசாரித்துத் தண்டிக்க ஒரு சட்டத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இது பற்றி இந்த இதழின் தோழர்கள் எழுத வேண்டும்.

போன மாதம் வேறொரு கம்பெனி விளம்பரம் வந்தது. அதே பயோடேட்டாதான். முகவரியில் மட்டும் காலனியை எடுத்துவிடலாம், அரசாங்கமே எடுக்கச் சொல்லிவிட்டதே என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எடுத்துட்டா லெட்டர் வந்து சேராதுக்கா. போஸ்ட்மேனுக்கு அந்தப் பேருதான் தெரியும்."

அப்படியே அனுப்பினோம்.